சாக்பீஸால் எழுதிய எண்

ஷட்டரின் உள்பக்கம்
சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன்
புதுப்பேட்டை பழைய இரும்புக்காரர் எண்ணை.
மூன்று லேத், ஒரு டிரில்லிங் மிஷின்,
எடைக்கு எடுத்துக்கொள்வார்.
வந்து பார்த்துவிட்டும் போனார்.
ஹெட்ஸ்டாக்கை ஒற்றை விரலால் தட்டி
"சேறு உள்ள பூந்துட்சி சார், இனிமே இது இரும்புதான்" என்றார்.
அதுவரை அது என்னவாக இருந்தது
என்று சொல்லவில்லை.

ஈக்காட்டுத்தாங்கலில் எங்கள் சந்துக்குள்
ஆறு வந்தது இரண்டாவது முறை.
முதல் முறை சுவரில் விட்ட கோடு இடுப்புக்கு.
இந்த முறை காலண்டருக்கு மேலே.
நாலாம் நாள் வடிந்ததும் எபினேசர் கேட்டான்:
"எங்கேருந்துண்ணா ஆரம்பிக்கிறது?"
தெரியவில்லை.
காலில் ஒரு ஸ்பேனர் இடறியது.
அங்கிருந்துதான்.

மச்சினன் தினமும் வீடியோ அனுப்புகிறான்.
பனிமலையில் ஒருவன் ஏறிக்கொண்டே இருக்கிறான்,
பின்னால் வயலின்.
அவனுக்கு ஐந்தாம் தேதி தவணை இல்லை.
மனோதிடம் என்கிறார்கள்.
என் மனம் அப்படி ஒன்றும் திடமில்லை.
காலை ஒன்பதரைக்கே படுத்துவிடும்.
கைதான் பழக்கத்தில்
மண்ணெண்ணெய் டப்பாவைத் தேடிப் போகிறது.

அதனால் மனதோடு ஓர் ஏற்பாடு:
இன்றைக்கு இந்தச் சக்கை மட்டும் துடைத்துவிடுவோம்.
நாளைக்குப் புதுப்பேட்டைக்குப் போன் போட்டுவிடலாம்.
சில்லறை இல்லாத கடையில்
மிட்டாயை வாங்கிக்கொள்வதுபோல்
தெரிந்தே வாங்கிக்கொள்கிறது மனம்.
மறுநாள் சக்கு முடிந்து பேரிங்.
அதற்கு மறுநாள் எமரி பேப்பரும் துருவும்
நானும் எபினேசரும்
அரையடி பெட்டுக்கு ஒரு முழு மத்தியானமும்.

வத்சலா வளையலைப் பற்றிப் பேசவில்லை.
காலையில் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்:
"டிபன் ஒண்ணா, ரெண்டா?"
எபினேசர் இன்னும் வருகிறானா என்று அர்த்தம்.
ரெண்டு, என்பேன்.
அதற்குமேல் கேட்க அவளுக்கும் பயம்.

வைண்டிங் கட்டி வந்த மோட்டார்
அரைமணி நேரத்தில் கருகிய அன்று
எபினேசர் வெளியே போய் நின்றுகொண்டான்.
அந்த நாற்றத்துக்குள் நின்று
ஷட்டரைப் பார்த்து ஒன்பது எண் அழுத்தினேன்.
கடைசி எண் ஈரத்தில் கரைந்து
மூன்றா எட்டா தெரியவில்லை.
அவர் எண் என் போனிலேயே இருக்கிறது.
இரண்டு முறை பேசியும் இருக்கிறார்.
எனக்குத் தெரியாததா.
இருந்தாலும் அன்று சாயங்காலம் முழுக்க
மூன்றா எட்டா என்றே
உட்கார்ந்திருந்தேன்.
மெட்ரோ தலைக்கு மேல் போய்ப் போய் வந்தது.
பிறகு மோட்டாரை இறக்கினோம்.

தை பிறந்து பதினோராம் நாள்
நடு லேத் சுற்றியது.
சுற்றியது என்று சொல்லலாம்,
கியருக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல் ஒரு சத்தத்தோடு.
முதல் புஷ்ஷில் அளவு குறைவு.
வெர்னியரை நம்பாமல் இரண்டாவது.
அதுவும்.
எபினேசர் ஒன்றும் சொல்லாமல்
இரண்டையும் ஸ்கிராப் டப்பாவில் போட்டான்.
டங், டங்.

வேஸ்ட் துணியோடு ஷட்டரைத் துடைக்கப் போனவன் நின்றான்.
"நம்பரை அழிச்சிடட்டாண்ணா? அதான் மிஷின் ஓடுதே."

அவனுக்கு எப்படிச் சொல்வது?
வெளியே போக வழியிருக்கிற அறையில்தான்
எனக்கு உட்கார்ந்து வேலை செய்ய வருகிறது.
"கொஞ்சம் தள்ளு" என்று
சாக்பீஸை எடுத்து
பத்து எண்ணையும் மேலேயே எழுதினேன்,
கடைசி எட்டை
இரண்டு வளையமும் மூடும்படி நன்றாக.

விரல் சுண்ணாம்பைப் பேண்ட்டில் தேய்த்துவிட்டு
டூலை ஒரு மயிரிழை பின்னுக்கு இழுத்தேன்.
"இன்னொரு ராடு குடு."